கண்மாய் என்னும் சொல்

தஞ்சை ஜில்லாவில் பிறந்து, உத்தியோக நிமித்தமாக ஐதராபாத்துக்குச் சென்று அங்கேயே வீடும் கட்டிக்கொண்டுவிட்ட என் சிநேகிதர் ஒருவர், சென்ற ஆடி மாதத்தில் திருச்சுழிக்கு வந்து, திருமேனிநாதரையும் துணைமாலை அம்மையையும் தரிசித்து, ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டில் அவதரித்த சுந்தர மந்திரத்தையும் பார்த்துவிட்டு, சாயங்கால வேளையில் என்னோடு ஊருக்கு வெளியே உலாவ வந்தார். வழி நெடுக அவர் வாயில் ஹுசைன் சாகரின் வர்ணனைதான். நட்ட நடு நீரில் 1992இல் நிறுத்திய ஒரே கல்லாலான புத்தர் சிலை, அங்கே கொண்டு சேர்க்கும் படகு, கரையோரச் சாலையில் விளக்கேற்றியவுடன் கூடுகிற ஜனக்கூட்டம் என்று விஸ்தாரமாகச் சொல்லி முடித்து, "உங்கள் பக்கத்தில் ஏரியே கிடையாதோ?" என்று கேட்டார்.

"நாம் நின்றுகொண்டிருப்பதே அதன் கரைதான்" என்றேன்.

கீழே பார்த்தார். பாளம் பாளமாக வெடித்த கரிசல். அதில் மண்டிய வேலிக்கருவை. அதன் நிழலில் நாலைந்து ஆடுகள். "ஒரு சொட்டு ஜலம் இல்லாததற்கு ஏரி என்று பெயரா?" என்று அவர் சிரித்ததைக் கேட்டுக்கொண்டே வந்த ஊர் நீர்பாய்ச்சி, "தண்ணி இல்லேன்னா கம்மா இல்லேன்னு ஆயிருமாய்யா? மடை எங்கயும் போயிறலயே!" என்றார்.

அந்தக் கிழவர் அறிந்தோ அறியாமலோ ஒரு சொல்லின் சரித்திரத்தையே ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளில், தொண்டை நாட்டார் ஏரி என்றும் திருநெல்வேலியார் குளம் என்றும் வழங்குகிற அதே பொருளுக்குக் கண்மாய் என்று பெயர். இதைக் கண், வாய் என்ற இரு சொற்களின் கூட்டாகப் பிரிப்பர். கண்வாய் எவ்வாறு கண்மாய் ஆயிற்று என்று சந்தேகிப்பவர்கள், எங்கள் கரிசல் காட்டில் ஒரு நாள் இருந்து பேச்சைக் கேட்டால் போதும். மழையை எதிர்பார்த்துக் கிடக்கிற இந்நிலத்தை நாங்கள் 'மானம் பார்த்த பூமி' என்போமேயன்றி வானம் என்று நாத் திருத்திச் சொல்வதில்லை. மாத்திரையைக்கூட விழுங்குவதில்லை, முழுங்குவோம். வகரம் மகரமாவது எங்களுக்கு நித்திய வழக்கம். அதிலும் முன்னே ணகர மெய் நிற்கும்போது அம்மாற்றம் எளிதினும் எளிது. பின்னர் அந்த ணகரமும் மகரத்தோடு ஒன்றிக் கம்மாய் ஆகி, அவசரப் பேச்சில் யகரமும் உதிர்ந்து கம்மா ஆகிவிட்டது. 'கம்' என்பதற்கு நீர் என்ற பொருளும் உண்டாகையால் அதிலிருந்தே இச்சொல் பிறந்ததெனக் கூறத் துணிவாரும் உண்டு; தேய்ந்த வடிவத்தை மூல வடிவமாகக் கொள்வதால் நேரும் மயக்கம் அது என்பது என் அபிப்பிராயம்.

இனிப் பொருளை நோக்குவோம். கண் என்பது முகத்தில் உள்ளது மட்டுமன்று. சல்லடைக்கும் வலைக்கும் தேங்காய்க்கும் ஊற்றுக்கும் கண் உண்டு. பாலத்தின் அடியில் நீர் புகுந்து செல்லும் இடைவெளியும் கண்ணே. வாய் என்பதும் அவ்வாறே திறப்பைக் குறித்து, வாய்க்கால், தலைவாய், மதகுவாய் முதலிய பிரயோகங்களில் நிற்கிறது. மலைக்கு இடையே வழிவிடும் கணவாயும் இதே இரு சொற்களாலானது என்பர். ஆகவே, மைல் கணக்கில் பரந்து கிடக்கும் ஒரு நீர்நிலைக்கு எங்கள் முன்னோர் வைத்த பெயரில் நீரும் இல்லை, அதன் பரப்பும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு துவாரம்.

அரசர்கள் வைத்த பெயர்களோடு இதனை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். ஐதராபாத்தின் சாகரம் சமுத்திரம் என்று பொருள்படும். பராந்தக சோழனின் விருதுப்பெயர் தாங்கிய வீரநாராயணன் ஏரியே இன்று வீராணமாக நிற்கிறது. உழுகிறவனுக்கோ, தேங்கிய நீர் எவ்வளவு என்பதைவிட அது தன் வயலுக்கு எந்த வழியாக வரும் என்பதே கேள்வி. இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாயை, 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று ஜனங்கள் சொல்வதிலும், நாரையின் சிறகுக்கு எட்டாத விரிவைச் சொன்ன வாய், கணக்கென்று வரும்போது மடையைத்தான் எண்ணுகிறது. எங்கள் தாலுகாவின் கல்லூரணி பெயரில் நிற்கும் ஊரணி, வள்ளுவர் ஒப்புரவுக்கு உவமையாக எடுத்த ஊருணியே, அது குடிநீருக்கு. நீரை ஏந்தி நிற்கும் சிறு நிலை ஏந்தல். கண்மாய் ஒன்றே கொடுக்கும் வாயால் பெயர் பெற்றது.

நீர்பாய்ச்சி எங்களை உள்வாயில் இறக்கி அழைத்துச் சென்றார். கரைக்குச் சற்று உள்ளே இரண்டு கற்கால்கள். அவற்றின் குறுக்கே துளையிட்ட ஒரு கல். கீழே, கரையின் அடியாக வயலுக்குச் செல்லும் தூம்பு. நிறை கண்மாயில் நீந்திச் சென்று மூச்சடக்கி முங்கித்தான் இதைத் திறக்க வேண்டுமாம். மேலே இருப்பது நீரோடித் துளை, தெளிந்த நீர் செல்ல. அடியில் இருப்பவை சேறோடித் துளைகள், வண்டலை இழுத்துச் செல்ல. குறுக்குக் கல்லின் துளைக்குள் சிநேகிதர் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ தலைமுறைகளாக அடைப்புக் கழி ஏறி இறங்கியதில், அதன் விளிம்பு அம்மிக்குழவிபோல் வழவழத்திருந்தது.

மறுநாள் மதுரைக்குப் போனோம். 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளம், அதன் நான்கு புறத்துக் கற்படிகள், நடுவே மைய மண்டபம், தைப்பூசத்தில் மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வலம் வரும் விசேஷம் ஆகிய எல்லாவற்றையும் கேட்டு மகிழ்ந்தார். வயலுக்குப் பாயாமையால் அதை எவரும் கண்மாய் என்பதில்லை என்று நான் சொல்லியதும் தலையசைத்தார்.

பிறகு, பாசன வயல்களெல்லாம் வீட்டுமனைகளாகிவிட்டபடியால் இன்று நடைபயில்வாருக்கே பெரிதும் உபயோகப்படுகிற வண்டியூர்க் கண்மாயின் கரைக்கு வந்தோம். மாலை வெயில் நீர்மேல் படிந்து மின்னியது. என் சிநேகிதரோ நீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையின் மறுபுறத்தில் நெருங்கி நின்ற மாடி வீடுகளையே வெகுநேரம் நோக்கிவிட்டு, "இதற்கு மடை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஊருக்குப் போனதும் எங்கள் சாகருக்கும் மதகு எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டும், முப்பது வருஷமாக நான் புத்தரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்" என்றார்.