இணைவதும் பிரிவதும்: வடகிழக்கு இந்திய வெள்ளச் சமவெளி ஏரிகளில் விலங்கு மிதவையுயிரிகளின் பன்மை

வடகிழக்கு இந்தியாவின் ஏரிகளைப் பற்றிய ஆய்வறிக்கைகளில் ஒரு வரைபடம் திரும்பத் திரும்ப வரும். ஒரு லிட்டர் நீரில் எத்தனை விலங்கு மிதவையுயிரிகள் என்று மாதவாரியாகக் காட்டும் அந்தக் கோடு, பெரும்பாலும் குளிர்காலத்தில் உயர்ந்து மழைக்காலத்தில் சரிந்து கிடக்கும். அதன் கீழே, வெள்ளம் மிதவையுயிரிகளைக் குறைக்கிறது என்ற முடிவு எழுதப்பட்டிருக்கும். கோட்டில் பிழையில்லை. நீர் பெருகும்போது இருக்கும் உயிரிகள் அதிக நீரில் பரவுகின்றன. ஓட்டம் ஒரு பகுதியை அடித்துச் செல்கிறது. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து பெறப்படும் முடிவு தவறு என்பதே என் வாதம். வெள்ளச் சமவெளி ஏரியை அடர்த்தியைக் கொண்டு மட்டும் அளந்தால், அதன் பன்மையை உண்டாக்கும் வெள்ளமே அதற்குப் பகையாகத் தெரியும். தடுப்பணை கட்டி நீர்மட்டத்தை ஓரிடத்தில் நிறுத்துவதற்கும், கரை எழுப்பி ஆற்றையும் ஏரியையும் பிரிப்பதற்கும் இந்த அளவுகோல் அறியாமலே துணைபோகிறது.

அசாமில் இத்தகைய ஏரிகளை பீல் என்பார்கள். பிரம்மபுத்திராவும் அதன் கிளைகளும் தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய வளைவுகளும், ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் தேங்கிய நீர்ப்பரப்புகளும் இவற்றில் அடங்கும். ஆறு வேறு, பீல் வேறு. பிரம்மபுத்திராவின் நீரோட்டத்தில் வண்டல் மிகுதி. ஒளி ஆழம்வரை இறங்காது, பாசிகள் வளர இடமில்லை. அதைவிட முக்கியமானது காலம். ரோட்டிஃபர்கள் என்னும் நுண்ணிய மிதவையுயிரிகளில் பிராக்கியோனஸ் போன்றவை 25 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெதுவெதுப்பில் ஓரிரு நாட்களில் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஆண் தேவையில்லாமலே பெண் பெண்ணை ஈன்று பெருகும். கோபிபாடுகள் என்னும் சிறு ஓட்டுயிரிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆறு நாப்ளியஸ் (இளம்புழு) நிலைகளையும் ஐந்து கோபிபோடிட் (இளம்பருவ) நிலைகளையும் கடந்தாக வேண்டும். அதற்கு ஒரு வாரம் முதல் சில வாரங்கள் பிடிக்கும். நீர் ஓரிடத்தில் தங்கும் காலம் ஓர் உயிரியின் தலைமுறைக் காலத்தைவிடக் குறைந்தால், அது பெருகுமுன் அடித்துச் செல்லப்படும். ஆகவே வெப்பமண்டலப் பேராறுகளின் நடு ஓட்டத்தில் கிடைக்கும் மிதவையுயிரிகளில் பெரும்பகுதி, பக்கத்து ஏரிகளிலும் ஓரத் தேக்கங்களிலும் வளர்ந்து ஆற்றுக்குள் வந்தவையே.

பீலுக்குள்ளும் செல்வம் எங்கே இருக்கிறது என்பதில் நம் பழக்கம் வழிதவறச் செய்கிறது. படகில் நடுநீருக்குச் சென்று வலை இழுப்பதே வழக்கம். அங்கே கிடைப்பவை கெரட்டெல்லா, பிராக்கியோனஸ், டயாஃபனோசோமா, தெர்மோசைக்ளோப்ஸ் என்று எங்கும் காணும் சிலவே. கரையோரத்தில் ஆகாயத்தாமரையின் வேர்க்கற்றை ஒன்றை மெதுவாகத் தூக்கி, வெள்ளைத் தட்டில் அலசி, அந்தக் கலங்கல் நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் காட்சி வேறு. லெக்கேன் என்னும் ரோட்டிஃபர் ஒன்று வேர்மயிரின் மீது தன் இரு விரல்களை ஊன்றிக்கொண்டு, தட்டையான ஓட்டுக்குள்ளிருந்து மயிர்முடியை நீட்டிச் சுழற்றி உணவை இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் கைடோரஸ் பந்துபோல உருண்டு, இலைப்பரப்பிலிருந்து பாசியைச் சுரண்டும். லெக்கேன் பேரினம் வெப்பமண்டலத்தில் பெருகிக் கிளைத்தது. அதன் சிற்றினங்களில் பல, ஓட்டின் முன்விளிம்பின் வளைவிலும் விரல் நகத்தின் அமைப்பிலும் மட்டுமே வேறுபடும். அதைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர் ‘லெக்கேன் வகை’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரிக்குள் இருபது சிற்றினங்கள்கூடப் புதைந்துபோகலாம். ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் பி. கே. சர்மாவும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் இந்த ஓரங்களைச் சிற்றினம்வரை அடையாளம் கண்டதால்தான், குவஹாத்தியை ஒட்டிய டீபோர் பீல் ஒன்றிலேயே ரோட்டிஃபர் சிற்றினங்கள் நூறைத் தாண்டும் என்பது நமக்குத் தெரியவந்தது. வகைப்பாட்டியலைப் பழைய துறை என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி வெள்ளத்துக்கு வருவோம். வோல்ஃப்காங் யுங்க், பீட்டர் பெய்லி, ரிச்சர்ட் ஸ்பார்க்ஸ் ஆகியோர் 1989இல் வெள்ளத்துடிப்புக் கோட்பாட்டை முன்வைத்தனர். ஆறும் அதன் சமவெளியும் ஒரே அமைப்பு. ஆண்டுதோறும் நீர் ஏறி இறங்குவதே அதன் உற்பத்தியை இயக்கும் முதன்மை விசை என்றனர். இதற்கு வலுவான எதிர்வாதம் பிரேசிலிலிருந்து வந்தது. சிடினெய் தோமாஸ், லூயிஸ் பினி, ரெய்னால்டோ போசெல்லி 2007இல் காட்டியபடி, வெள்ளம் நீர்நிலைகளை ஒன்றுபோல ஆக்குகிறது. உயர்நீரில் எல்லா ஏரிகளும் ஆற்றோடு கலப்பதால் அவற்றின் நீர்த்தன்மையும் உயிர்க்கூட்டமும் நெருங்கி வருகின்றன. அப்படியானால் வெள்ளம் பன்மையைக் குறைக்கிறது என்பதுதானே சரி?

சரியில்லை. நீர் வடிந்த பிறகு நடப்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்ட ஏரிகள் தனித்தனி வழியில் செல்கின்றன. ஒன்றில் களை மூடும், ஒன்று வற்றிச் சேறாகும், ஒன்றில் பாசி பச்சையாகப் பொங்கும், இன்னொன்றில் மீன் மிகுந்து பெரிய உடல் கொண்ட கிளாடோசெராக்கள் (நீர்த்தெள்ளுகள்) தின்று தீர்க்கப்படும். அடுத்த வெள்ளம் வந்து, தனித்தனியே வளர்ந்த இந்தக் கூட்டங்களை மறுபடி கலந்து, ஓரிடத்தில் அழிந்ததை இன்னோரிடத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும். பிரிவு மட்டும் நீடித்தால் ஒவ்வோர் ஏரியும் தன் வலிமையான சில இனங்களிடம் சிக்கிக்கொள்ளும். இணைப்பு மட்டும் நீடித்தால் எல்லாம் ஒரே ஏரியாகிவிடும். பன்மை இரண்டும் மாறிமாறி வருவதில் பிறக்கிறது. ஒரு மாத மாதிரியில் இது புலப்படாது.

சேற்றுக்கும் இதில் பங்குண்டு. நிலைமை கெடும்போது ரோட்டிஃபர்கள் ஆணை உண்டாக்கி, கலந்து, தடித்த ஓடுள்ள ஓய்வு முட்டைகளை இடும். கிளாடோசெராக்களின் எஃபிப்பியம் எனும் முட்டை உறையும் பல கோபிபாடுகளின் உறங்கும் நிலைகளும் அதே சேற்றில் தங்கும். இவற்றில் சில பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு இருக்கக்கூடியவை. காய்தல், மீண்டும் நனைதல், ஒளி, ஆக்சிஜன் ஆகியவை இவற்றை எழுப்பும் அழைப்புகளில் அடங்கும். ஆண்டுதோறும் நீர் இறங்கிச் சேறு வெளிப்படுவது, இந்த முட்டை இருப்பின் ஒரு பகுதியை எழுப்பிவிடும் நிகழ்வு.

மணிப்பூரின் லோக்தாக் ஏரியில் அந்த நிகழ்வு நின்றுபோனது. 105 மெகாவாட் மின்திட்டத்துக்காக 1983இல் செயல்பாட்டுக்கு வந்த இதாய் தடுப்பணை, ஏரியின் நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் உயர்த்தி வைத்தது. முன்பு கோடையில் நீர் இறங்கும்போது ஃபும்தி எனப்படும் மிதக்கும் தாவரத்திட்டுகள் தரையைத் தொட்டு ஊட்டம் பெற்று எழும். இப்போது பல திட்டுகள் தொடுவதே இல்லை, மெலிந்துவிட்டன. இந்தத் திட்டுகளில் வாழும், கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவின் சங்காய் மானுக்கு இதனால் வந்த ஆபத்து நாடறிந்தது. ஏரி 1990இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும், 1993இல் ஆபத்திலுள்ள ஈரநிலங்களுக்கான மான்ட்ரோ பதிவேட்டிலும் இடம்பெற்றது. மானின் காலுக்குக் கீழே சேற்றிலும் அதே தடை இருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

லோக்தாக்கில் இன்றும் ரோட்டிஃபர் பட்டியல் நீளமாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மை. ஃபும்தியின் அடிப்பகுதியே பெரிய களை வாழிடம். அது இருக்கும்வரை லெக்கேன்களுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டியல் என்பது இருப்பின் கணக்கு. புதுப்பித்தலின் கணக்கை அது சொல்லாது. ஓய்வு முட்டைகள் நீண்ட காலம் கிடப்பதால் இழப்பு வெளியே தெரியத் தாமதமாகும். நீளமான பட்டியலை நலத்தின் சான்றாகக் கொள்வது அவசரம் என்பதே என் மதிப்பீடு.

டீபோர் பீலின் சிக்கல் வேறு வகை. பசிஷ்டா, கல்மனி ஆகிய சிற்றாறுகள் நீர் கொண்டுவர, கோனாஜான் கால்வாய் வழியே அது பிரம்மபுத்திராவுடன் பேசும். 2002 முதல் ராம்சார் தலமான இந்த ஏரிக்கு நகரத்தின் கழிவும் குப்பைமேட்டின் கசிவும் வந்து சேர்கின்றன. மாசை அளக்க ஸ்லாடெசெக் 1983இல் தந்த குறியீட்டைப் பலர் அப்படியே கையாளுகிறார்கள்: பிராக்கியோனஸ் சிற்றினங்களின் எண்ணிக்கையை இன்னொரு ரோட்டிஃபர் பேரினமான டிரைக்கோசெர்கா சிற்றினங்களின் எண்ணிக்கையால் வகுத்து, விடை 2ஐத் தாண்டினால் ஊட்டமிகை என்பது. ஐரோப்பிய ஏரிகளில் உருவான கணக்கு இது. பிராக்கியோனஸ் இயல்பாகவே செழிக்கும் வெதுவெதுப்பான நீரில், மாசில்லாத பீலும் இதில் தோற்றுப்போகலாம். உள்ளூர்ப் பீல்களிலேயே, மாசுற்றதையும் மாசற்றதையும் ஒப்பிட்டு, இந்த எல்லைக்கோட்டைப் புதிதாக வரைய வேண்டும்.

மீனுக்கும் இதில் நேரடித் தொடர்புண்டு. கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் மழைக்கால ஏற்றநீரில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெள்ளத்தோடு சமவெளிக்குள் வருகின்றன. மஞ்சள் கரு தீர்ந்ததும் அந்தச் சிறு வாய்க்குள் நுழையும் முதல் உணவு ரோட்டிஃபரும் நாப்ளியஸும். கரைகளிலுள்ள மதகுகளை வெள்ளம் அபாய மட்டத்தை எட்டும்வரை மூடிவைத்தால், குஞ்சும் உணவும் கரையின் இரு பக்கங்களில் பிரிந்து நிற்கும். மழையின் முதல் ஏற்றத்திலேயே சில வாரங்கள் மதகைத் திறந்துவைப்பது மீனவருக்கும் உழவருக்கும் இடையே பேசித் தீர்க்கவேண்டிய ஒன்று. ஆனால் அந்தப் பேச்சில் மிதவையுயிரி ஆய்வாளரும் உட்கார வேண்டும்.

அதற்கு நம் கையில் சரியான தரவு வேண்டும். திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் மதிப்பீடுகளில் நடுநீர் மாதிரியோடு களைவேர் அலசலையும் கட்டாயமாக்கலாம். ஏற்றநீர், வடிநீர், வற்றுநீர் என மூன்று கட்டங்களிலும் எடுத்து, சிற்றினம்வரை அடையாளம் காண வேண்டும். கோடையில் வெளிப்படும் சேற்றைச் சேகரித்து உலர்த்தி, ஆய்வகத்தில் வடிகட்டிய நீர் ஊற்றி, வெளிச்சத்தில் வைத்து, மூன்று நான்கு வாரங்கள் அதிலிருந்து என்னென்ன பொரிந்து வருகின்றன என்று பார்த்து, அதை நீர்ப்பட்டியலுக்குப் பக்கத்தில் தனிப் பத்தியாக அச்சிட வேண்டும்.