பென் டிரைவில் ஆவணங்களைச் சேமிப்பதில் எழும் சிக்கல்கள்

பென் டிரைவில் ஆவணங்களைச் சேமிப்பதில் எழும் சிக்கல்கள் என்பன, சொற்செயலி கொண்டு உருவாக்கப்படும் கோப்புகளை யூ.எஸ்.பி. வழி இணைக்கப்படும் நினைவகத்தில் எழுதும்போதோ, அங்கிருந்து வேறொரு கணினியில் திறக்கும்போதோ ஏற்படும் இடர்களைக் குறிக்கும். பென் டிரைவ் தமிழில் விரலி என்றும் அழைக்கப்படுகிறது. கோப்பு சேமிக்கப்படாமல் போதல், பாதி எழுதப்பட்டுச் சிதைதல், கோப்பு இருந்தும் திறக்க இயலாமை, திறந்தும் தமிழ் எழுத்துகள் படிக்க முடியாதபடி தோன்றுதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை வெவ்வேறு காரணங்களால் எழுவதால், தீர்வும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும்.

பின்னணி

யூ.எஸ்.பி. இணைப்பு முறையின் முதல் பதிப்பு 1996 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதனை உருவாக்கிய இன்டெல் நிறுவனக் குழுவில் இந்தியாவில் பிறந்த அஜய் பட் முக்கியப் பங்காற்றினார். 2000 ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் "தம்ப் டிரைவ்" என்ற பெயரிலும், ஐ.பி.எம். நிறுவனம் "டிஸ்க் ஆன் கீ" என்ற பெயரிலும் இவ்வகை நினைவகங்களை விற்பனைக்குக் கொண்டு வந்தன. தொடக்கத்தில் இவற்றின் கொள்ளளவு 8 மெகாபைட்டு மட்டுமே. ஆயினும் அது 1.44 மெகாபைட்டு கொண்ட நெகிழ்வட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாகும்.

தமிழ்நாட்டில் வீட்டிலோ கல்லூரியிலோ தட்டச்சு செய்த ஆவணத்தைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று வெளியே அச்சிடும் வழக்கம் பரவலானது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம் போன்ற வடசென்னைப் பகுதிகளிலும் மாணவர்கள் தம் செயல்திட்ட அறிக்கைகளையும் வேலை தேடுவோர் தம் தன்விவரக் குறிப்புகளையும் இவ்வாறே நகலகங்களுக்கும் இணைய மையங்களுக்கும் கொண்டு செல்கின்றனர். ஒரே கோப்பு பல கணினிகளைக் கடந்து செல்வதே பெரும்பாலான சிக்கல்களுக்கு அடிப்படையாகும்.

சொற்செயலி சேமிக்கும் முறை

மைக்ரோசாப்ட் வேர்டு ஓர் ஆவணத்தை மீண்டும் சேமிக்கும்போது பழைய கோப்பின் மீது நேரடியாக எழுதுவதில்லை. அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, முழு ஆவணத்தையும் அதில் எழுதி முடித்த பின்னரே பழைய கோப்பை நீக்கி, புதியதற்கு அதன் பெயரை இடுகிறது. எனவே 6 மெகாபைட்டு அளவுள்ள ஆவணத்தைத் திருத்திச் சேமிக்க, பென் டிரைவில் ஏறத்தாழ அதே அளவு வெற்றிடம் கூடுதலாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் ஒரு வரியை மட்டும் திருத்தியிருந்தாலும் "வட்டு நிரம்பிவிட்டது" என்ற பிழைச்செய்தி தோன்றும்.

சேமிப்பு நடைபெறும்போது பென் டிரைவ் பிடுங்கப்பட்டால், பழைய கோப்பு நீங்கித் தற்காலிகக் கோப்பு மட்டும் எஞ்சி நிற்கலாம். மின்தடையாலும் இதே நிலை ஏற்படும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த காலத்தில், தடையிலா மின்வழங்கி இல்லாத மேசைக் கணினிகளில் இவ்வாறான இழப்புக்கு வாய்ப்பு மிகுதியாக இருந்தது.

இக்காரணங்களால், ஆவணத்தை வன்தட்டில் வைத்துத் திருத்தி, வேலை முடிந்த பின்னர் அதன் படியைப் பென் டிரைவுக்கு நகலெடுக்குமாறு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உதவிக் குறிப்புகளே பரிந்துரைக்கின்றன.

இடைமாற்று நினைவகமும் பாதுகாப்பான அகற்றலும்

இயங்குதளங்கள் விரைவுக்காக, எழுத வேண்டிய தரவுகளை முதலில் கணினியின் முதன்மை நினைவகத்தில் தேக்கி வைத்து, பின்னர் வட்டில் எழுதுகின்றன. ஆகவே நகலெடுக்கும் சாளரம் மறைந்த பின்னும் எழுதும் பணி முடியாமல் இருக்கக்கூடும். லினக்ஸ் இயங்குதளங்களில் இது மிகுதியாகக் காணப்படும். பாதுகாப்பாக அகற்றும் கட்டளை, தேங்கிய தரவுகளை எழுதி முடிக்கச் செய்து, அதன் பிறகே பென் டிரைவை விடுவிக்கிறது. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், விரைவாக அகற்றும் முறை இயல்பிருப்பாக ஆக்கப்பட்டது. எனினும் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் அகற்றினால் எம்முறையிலும் சேதம் ஏற்படும்.

வேர்டு 2007 முதல் பயன்படும் "டாக்எக்ஸ்" வடிவம் உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு பொதியாகும். அப்பொதியின் உள்ளடக்க அட்டவணை கோப்பின் இறுதியில் அமைந்துள்ளது. பாதி மட்டும் எழுதப்பட்ட கோப்பில் இவ்வட்டவணை இராது. முன்பகுதி பழுதின்றி இருந்தும் ஆவணம் திறக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

கோப்பு முறைமையும் தமிழ்ப் பெயர்களும்

2 கிகாபைட்டு வரையிலான பழைய பென் டிரைவுகள் பெரும்பாலும் பேட்16 கோப்பு முறைமையில் அமைந்தன. இதன் முதன்மை அடைவில் பொதுவாக 512 பதிவிடங்கள் மட்டுமே உண்டு. நீண்ட பெயருடைய கோப்பு, ஒவ்வொரு 13 குறியெண்களுக்கும் ஒரு பதிவிடமும், குறும்பெயருக்கு ஒரு பதிவிடமும் எடுத்துக்கொள்ளும்.

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்துகள் மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாகப் பெரும்பாலும் இரண்டு குறியெண்கள் பெறுகின்றன. எடுத்துக்காட்டாக, "கொருக்குப்பேட்டை" என்ற பெயரில் எழுத்துகள் 8, குறியெண்கள் 16. புள்ளியும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் சேர 20 ஆகும். எனவே இப்பெயருள்ள கோப்புக்கு மூன்று பதிவிடங்கள் தேவை. இத்தகைய பெயர்களாக இருப்பின் ஏறத்தாழ 170 கோப்புகளிலேயே முதன்மை அடைவு நிரம்பிவிடும். பென் டிரைவில் வெற்றிடம் நிறைய இருந்தும் சேமிக்க முடியாத நிலை இதனால் உண்டாகிறது. உள் அடைவுகளுக்கு இவ்வரம்பு இல்லையாதலால், ஓர் அடைவை உருவாக்கி அதனுள் சேமித்தல் எளிய தீர்வாகும். பேட்32 முறைமையில் முதன்மை அடைவுக்கும் இவ்வரம்பு இல்லை.

லினக்சின் எக்ஸ்ட்4 முறைமையில் கோப்புப் பெயரின் உச்ச அளவு 255 பைட்டுகள். யூ.டி.எப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியெண் 3 பைட்டுகள் பெறுவதால், 85 குறியெண்களுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயர்களை அதில் நகலெடுக்க இயலாது. விண்டோசில் இடப்பட்ட மிக நீண்ட தமிழ்ப் பெயர்கள் லினக்ஸ் வன்தட்டுக்கு மாறாமல் போவது இதனாலேயே.

எழுத்துருவும் குறியாக்கமும்

தமிழ் ஆவணங்களுக்கே உரிய சிக்கல் இதுவாகும். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் பாமினி, டிஸ்கி, டாம், டாப் முதலிய பல குறியாக்கங்கள் வழக்கில் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் ஆகியவை தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டன. 2010 இல் ஒருங்குறியும் டேஸ்16 குறியாக்கமும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன.

பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணத்தில் உண்மையில் சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே. அகரத்தின் இடத்தில் ஆங்கிலச் சிறிய "எம்" எழுத்தும், இகரத்தின் இடத்தில் காற்புள்ளியும் இருக்கும். அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கிலக் கோவை தோன்றும். பென் டிரைவ் பழுதாகிவிட்டது எனப் பலர் இதனைத் தவறாகக் கருதுவதுண்டு. கோப்பு உண்மையில் முழுமையாகவே உள்ளது. மேலும், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் சொற்செயலியின் தானியங்கித் திருத்தம், பாமினியில் "அ" என்பதை "ஆ" என மாற்றிவிடும். "அவர்" என்பது "ஆவர்" ஆகிப் பொருள் மாறினும் பிழைச்செய்தி ஏதும் வாராது.

எழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்துச் செல்லுதல், ஆவணத்தில் எழுத்துருவைப் பொதித்தல், ஒருங்குறிக்கு மாற்றுதல் ஆகியவை தீர்வுகளாகும். அச்சிடுவதற்கு மட்டுமெனில் பி.டி.எப். வடிவில் சேமித்தல் பொருத்தமானது.

நச்சுநிரல்கள்

தானியங்கு வசதியைப் பயன்படுத்தி, பென் டிரைவ் செருகப்பட்டவுடன் பரவும் நச்சுநிரல்கள் 2000களில் மிகுந்திருந்தன. 2008 இல் அறியப்பட்ட கான்பிக்கர் இவ்வழியிலும் பரவியது. சில நச்சுநிரல்கள் அடைவுகளை மறைத்து, அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்துவிடும். இந்நிலையில் ஆவணங்கள் அழிந்துவிட்டதாக எண்ணி பென் டிரைவை வடிவமைத்தல் கூடாது. மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டுமாறு அமைத்தால் அவை பெரும்பாலும் தென்படும். 2011 இல் மைக்ரோசாப்ட் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் பென் டிரைவுகளுக்கான தானியங்கு வசதியை முடக்கியது.

வன்பொருள் பழுதுகள்

பளிச்சீட்டு நினைவகத்தின் ஒவ்வொரு கலமும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையிலேயே அழித்து எழுதப்படலாம். ஆயுள் முடியும் தறுவாயில் சில பென் டிரைவுகள் படிக்க மட்டும் இயலும் நிலைக்கு மாறிவிடும். அவ்வாறாயின் உள்ளதை உடனே படியெடுத்தல் வேண்டும். போலித் தயாரிப்புகள் தம் கொள்ளளவை மிகுத்துக் காட்டும். உண்மையான கொள்ளளவைக் கடந்து எழுதப்படும் கோப்புகள் பட்டியலில் தெரிந்தும் திறக்கா. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக்காற்று உலோகப் பகுதிகளை அரிக்கவல்லது. எனவே மூடியிட்டு, உலர்ந்த இடத்தில் வைத்தல் நன்று.

இழந்த கோப்பை மீட்டல்

நீக்கப்பட்ட கோப்பின் தரவுகள், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பென் டிரைவில் இருக்கும். ஆகவே இழப்பு தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை:

* அப்பென் டிரைவில் வேறெதையும் எழுதாதிருத்தல்.
* மறைந்துள்ள தற்காலிகக் கோப்புகளை வன்தட்டுக்கு நகலெடுத்து, பெயர் மாற்றித் திறந்து பார்த்தல்.
* போட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருளால் தேடி, மீட்டவற்றை வேறு வட்டில் சேமித்தல்.
* சிதைந்த ஆவணத்தை வேர்டின் பழுதுநீக்கும் வசதியாலோ லிப்ரெஓபிஸ் மூலமோ திறக்க முயலுதல்.

ஒரே படியைப் பென் டிரைவில் மட்டும் வைத்திருப்பதே இழப்புகளை மீட்க முடியாதனவாக ஆக்குகிறது. வன்தட்டில் ஒன்றும் மின்னஞ்சல் அல்லது இணையச் சேமிப்பகத்தில் ஒன்றுமாகப் படிகள் இருப்பின், மேற்கூறிய எச்சிக்கலும் ஆவணத்தை முற்றாக அழிக்காது.

இவற்றையும் பார்க்க

* பளிச்சீட்டு நினைவகம்
* சொற்செயலி
* தமிழ் எழுத்துருக்கள்
* ஒருங்குறி