உளவியல் இளநிலைப் படிப்பு (பினாங்கு)

உளவியல் படிக்க விரும்பும் பினாங்கு மாணவர் முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு: இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சை அளிக்க முடியாது. மலேசியாவில் இத்துறை இளையது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1979இல்தான் உளவியல் துறையைத் தொடங்கியது.

முதலாண்டில் பலரைத் திணறவைப்பது ஃபிராய்டு அல்ல, புள்ளியியல்.

சிறப்புப் பிரிவைத் தேர்வதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் ஆலோசகராகத் தொழில் செய்ய இயலாது. மருத்துவ உளவியலாளர்களை 2016ஆம் ஆண்டுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. மருத்துவ உளவியலாளராக முதுநிலைப் படிப்பு தேவை. தொழில்சார் உளவியலை நாடுவோருக்கு, 1972 முதல் பாயான் லெப்பாஸில் வளர்ந்துவந்த மின்னணுத் தொழிற்சாலைகள் ஜார்ஜ் டவுனுக்கு அருகிலேயே இருக்கின்றன.

தமிழ் மாணவரிடம் ஒரு தனிப்பலம் இருக்கிறது. "மனசு பாரமா இருக்கு, நெஞ்சு அடைக்குது" என்கிறார் சிகிச்சைக்கு வந்த ஓர் அம்மா. எதிரே இருக்கும் மதிப்பீட்டு வினாப்படிவம் மலாய் மொழியில். அவர் சொல்வது துக்கமா, பதற்றமா, இதய நோயின் அறிகுறியா? அந்தப் பேச்சின் நுட்பம் புரிந்தவரே சரியாக விசாரிக்க முடியும். மருத்துவ உளவியல் பிரிவுக்குத் தமிழ் பேசும் மாணவர்கள் இன்னும் வர வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன், அப்படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.