தோலும் படையும்

குதிரைப் படையின் வரலாற்றை எழுதுவோர் வாளைப் பேசுவர், வேலைப் பேசுவர், தளபதியின் வீரத்தைப் பேசுவர். குதிரையின் முதுகிலே கிடந்த தோலைப் பேசுவோர் அரியர். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரின் படையிலே அத்தோலுக்கு ஒரு கதை உண்டு. அது இந்துக்களாகிய நாம் சற்று நின்று கேட்கவேண்டிய கதை.

முதலிற் சேணம் எத்தகையது என்பதைக் காண்போம். அதன் உயிர்நிலை தோலன்று, மரச்சட்டம். குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் படியும் இரு பலகைகள். அவற்றை முன்னும் பின்னும் இணைக்கும் இரு வளைவுகள். வீரனின் பாரம் எலும்பிலே தங்காது விலாப்புறத்துத் தசையிலே பரவவேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம். சட்டத்தின்மேல் தோலிருக்கை, கீழே கம்பளம், வயிற்றுவார், அங்கவடி வார், கடிவாளம். வீரன், ஆயுதம், மேலங்கி, தீனி யாவும் சேர்ந்து ஒரு குதிரை ஏறக்குறைய 120 கிலோகிராம் சுமந்தது. கம்பளம் ஒருபுறம் சுருண்டாலும் முதுகு புண்ணாகிவிடும். புண்பட்ட குதிரை போருக்கு உதவாது. பகைவனின் குண்டினால் மட்டுமன்றிச் சேணத்தின் பிழையினாலும் படைகள் குதிரைகளை இழந்தன. பிரடரிக் சிமித் என்னும் இராணுவ மிருக வைத்தியர் 1891 இல் சேணத்தையும் முதுகுப் புண்ணையும் பற்றியே தனியொரு நூல் எழுதினார் என்றால், அக்குறை எத்துணைப் பெரிதென்பது விளங்கும்.

கும்பனியாரின் குதிரைப் படை இருவகைத்து. ஒன்று, அரசாங்கமே குதிரையும் சேணமும் சீருடையும் கொடுத்து ஐரோப்பிய முறையிற் பழக்கிய படை. மற்றது சில்லேதார் முறை. அதிலே சவார் தன் குதிரையையும் சேணத்தையும் வாளையும் தானே கொண்டுவந்து சேர்வான். 1803 இல் யேம்சு இசுக்கின்னர் திரட்டிய மஞ்சளங்கிப் படை இவ்வகையினது. உள்நாட்டு வழக்கப்படி பஞ்சு திணித்த துணிச் சேணத்தின்மேல் அமர்ந்து போர் செய்வதே இந்நாட்டுச் சவார்களுக்கு இசைந்தது.

இனி வேலூருக்கு வருவோம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி சேர் யோன் கிரடொக்கு புதியதொரு தலைப்பாகையைக் கட்டளையிட்டார். அது ஐரோப்பியரின் தொப்பியை ஒத்தது. அதன்மேல் தோலாற் செய்த ஒரு சின்னம் இருந்தது. அணிவகுப்பிலே நெற்றிக்குறி இடலாகாது, காதிலே கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் உடன் வந்தன. திருநீறும் திருநாமமும் அழிக்கப்பட்ட நெற்றிக்கு மேலே விலங்கின் தோல்! அது பசுவின் தோலென்று இந்துக்களும், பன்றியின் தோலென்று முசுலிம்களும் அஞ்சினர். 1806 மே மாதத்தில் மறுத்த சிப்பாய்களுள் இருவருக்கு, ஓர் இந்துவுக்கும் ஒரு முசுலிமுக்கும், தலைக்குத் தொளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. யூலை 10 ஆந் திகதி விடியுமுன் வேலூர்க் கோட்டை கொதித்தெழுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஏறக்குறைய 16 மைல் தொலைவிலிருந்த ஆர்க்காட்டிலிருந்து கில்லெசுப்பி குதிரைப் படையோடு விரைந்துவந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். தலைப்பாகைக் கட்டளை கைவிடப்பட்டது; 1807 இல் கிரடொக்கும் ஆளுநர் வில்லியம் பெந்திங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். (அதே பெந்திங்கே பின்னர் மகாதேசாதிபதியாகி 1829 இல் சதியை ஒழித்தவர். ஒரு மனிதரை ஒரு செயலால் மட்டும் அளப்பதெங்ஙனம்?)

பள்ளியிலே யாம் படித்த சரித்திரப் புத்தகத்தில் இஃதெல்லாம் 'மூடநம்பிக்கையால் விளைந்த கலகம்' என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. அவ்வரியை அன்று மனனஞ் செய்தேன். இன்று ஏற்க மனம் வரவில்லை. ஏனெனில், அச்சிப்பாய்கள் தோலைத் தீண்டாதவர்களல்லர். அவர்களின் தோளிலே குறுக்குவார் கிடந்தது. இடையிலே தோட்டாப்பை தொங்கியது. 1857 இல் மீரத்திலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே ஏப்பிரில் 24 இல் தோட்டாவைத் தொட மறுத்த 85 பேரும் மூன்றாம் இலேசுக் குதிரைப் படையினர். நாடோறும் தோற்சேணத்தின்மேல் ஏறியிறங்கியவர்கள். சேணத்திலே இருப்பது வேறு. கொழுப்புப் பூசியதென்று ஐயுற்ற காகிதத்தை வாயாற் கடிப்பது வேறு. தலையும் வாயும் ஒருவனுக்கே உரியவை, அவற்றின்மேற் கட்டளை செல்லாது என்பதே அவர்களின் வழக்கு. மே 9 இல் அவர்களுக்குச் சீருடை களைந்து விலங்கு பூட்டினர். மறுநாட் பெருங்கிளர்ச்சி மூண்டது.

அக்கிளர்ச்சியை அடக்கியபின், சேணமும் வாரும் இங்கிலாந்திலிருந்து வரக் காத்திருப்பது தகாதென்று கண்ட அரசாங்கம், 1860களிற் கான்பூரிலே பெருந்தோற்சாலை நிறுவிற்று. கருவேலம்பட்டையிலே தோல் பதனிட்டனர். தெற்கே சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அத்தொழிலுக்கு உதவின. அங்கு பதனிட்ட தோல்கள் இலண்டன் சந்தைக்கு மூட்டை மூட்டையாய்ப் போயின. ஆவாரம்பூவை நாம் அறிவோம். அதன் பட்டை இப்படிக் கடல் கடந்து பயன்பட்டதை அறிந்தோர் சிலரே.

இத்தொழிலைச் செய்தவர் யார்? வடக்கே சாமார், தெற்கே சக்கிலியர். மதத்திற்காக உயிர் கொடுத்த சிப்பாயை நான் வணங்குகிறேன். ஆனால், அதே சிப்பாய் தன் சேணத்தைத் தைத்தவனின் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிப் பருகியிரான். தன் தலைமேல் தோல் ஏறியபோது அவமானத்தை உணர்ந்தவன், தோலைத் தொட்டதற்காகப் பிறனொருவன் நாள்தோறும் படும் அவமானத்தை உணர்ந்திலன். நாமோ? கோயிலிலே தவில் முழங்காமற் பூசையில்லை. அத்தவிலின் இருமுகமும் தோல். மிருதங்கத்துக்குப் பசுத்தோலே வேண்டும். நாதத்தைக் கைகூப்பிக் கேட்டோம். தோலைப் பதமாக்கினவனை வாசலுக்கு அப்பால் நிறுத்தினோம். பெரியோர் இதனைக் குற்றமாகக் கொள்ளாது பொறுப்பார்களாக.

கான்பூரிலே தோற்சாலைகள் பெருகப் பெருக அத்தொழிலாளர் கூலி பெற்று ஒரே நகரத்தில் ஒன்றுகூடி வாழ்ந்தனர். 1920களில் சுவாமி அச்சூதானந்தர் ஆதி இந்து இயக்கத்தை நடத்தியது அந்நகரத்திலேதான். இம்மண்ணின் ஆதிக்குடிகள் தாமே என்று அவர் சொன்னதைக் கேட்கத் திரண்டவர்களுள் நகரத்துச் சாமார்கள் பலர்.