கறுப்புத் திரையில் குறள்



2011இல் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோசோடு 'பாஸ்' லினக்சும் இருந்தது நினைவிருக்கிறதா? அதன் கறுப்புத் திரை, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸை அடியொற்றியது. 'எல்எஸ்' என்றால் கோப்புகளைப் பட்டியலிடும், 'சிபி' நகலெடுக்கும், 'கிரெப்' சொல்லைத் தேடும், 'சார்ட்' வரிசைப்படுத்தும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் குறள் கோப்பில் 'அன்பு' என்று தேடினேன். 1330 குறளையும் புரட்டாமல், அச்சொல் வரும் அடிகள் நொடியில் வந்தன.

ஒரு எச்சரிக்கை. யூனிகோடு எண்படி வரிசைப்படுத்தினால் நகரத்தை அடுத்தே னகரம் நிற்கும். நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களில் கடைசி. அகராதி தொகுத்தால் சொற்கள் இடம் மாறிவிடும். தமிழ் வரிசையை நாம்தான் கணினிக்குச் சொல்லித்தர வேண்டும்.

பரணில் அந்த மடிக்கணினி இருந்தால் இறக்குங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்து காட்டுங்கள்.