அணிப்பெருக்கலுக்கு ஒரு குறி

இரண்டு அணிகளைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரே இடத்தில் அமைந்த உறுப்புகளைத் தம்முள் பெருக்குவது ஒன்று. நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டுவது மற்றொன்று. முதல் நிரையில் 1, 2 என்றும் அடுத்ததில் 3, 4 என்றும் உள்ள அணியை, அதேபோல் 5, 6, 7, 8 அமைந்த அணியால் முதல் வழியில் பெருக்கினால் 5, 12, 21, 32 கிடைக்கும். இரண்டாம் வழியில் 19, 22, 43, 50. ஆர்தர் கெய்லியின் 1858-ஆம் ஆண்டுக் கட்டுரை தொடங்கி, கணிதத்தில் அணிப்பெருக்கல் என்றால் இரண்டாவதுதான். கணினி மொழிகளில் இருந்ததோ * என்ற ஒரே குறி. அதை எந்தப் பெருக்கலுக்குத் தருவது என்பதில் மொழிகள் பிரிந்தன.

கிளீவ் மோலர் உருவாக்கிய மேட்லாப், அணிகளுக்காகவே பிறந்தது. அதில் * அணிப்பெருக்கலுக்குப் போனது, உறுப்புப்பெருக்கலுக்குப் புள்ளி சேர்த்த .* வந்தது. ஃபோர்ட்ரான் 90 இதைத் தலைகீழாகச் செய்தது. பைத்தானுக்கு 1995-இல் ஜிம் ஹியூகுனின் எழுதத் தொடங்கிய நியூமரிக்கும் ஃபோர்ட்ரான் வழியையே பின்பற்றியது. படம், ஒலி, அளவீடுகள் என எதையும் தாங்கும் பல பரிமாண அட்டவணைகளுக்கு அதுவே பொருத்தம். ஆனால் அணிப்பெருக்கலுக்கு 'டாட்' என்ற சார்பை அழைக்க வேண்டியிருந்தது. நான்கைந்து அணிகள் தொடர்ந்து வரும் சூத்திரம் அடைப்புக்குறிகளுக்குள் புதைந்து போனது.

2000-இல் பைத்தானில் புதிய குறிகளைச் சேர்க்க இரண்டு முன்மொழிவுகள் எழுந்தன. ஒன்று @ குறியையே புதிய பெருக்கலுக்குக் கேட்டது. மற்றொன்று இருக்கும் குறிகளோடு ~ சேர்த்து இன்னொரு வரிசையை உண்டாக்கப் பார்த்தது. இரண்டும் நிறைவேறவில்லை. நியூமரிக்கின் வாரிசான நம்பையில் 'மேட்ரிக்ஸ்' என்ற தனி வகை இருந்தது. அந்த வகைக்கு மட்டும் * அணிப்பெருக்கல். இதுதான் மிகவும் ஆபத்தான வழி. ஒரு சார்புக்குள் வருவது எந்த வகை என்பதைப் பொறுத்து ஒரே வரியின் பொருள் மாறும். சதுர அணிகளானால் பிழைச் செய்திகூட வராமல் விடை மட்டும் தவறாகும்.

2014-இல் நத்தானியேல் ஸ்மித் எழுதிய 465-ஆம் பைத்தான் முன்மொழிவு, அறிவியல் கணினி நிரல்களில் எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் காட்டியது. பைத்தானில் ஏற்கெனவே இருந்த சில குறிகளைவிட அணிப்பெருக்கலின் தேவை அதிகமாக இருந்தது. ~ முன்மொழிவைப்போல எல்லாவற்றுக்கும் குறி கேட்காமல் இந்த ஒன்றுக்கு மட்டும் கேட்டதே அதன் வலிமை. அடுக்குக்காக முதலில் கேட்ட @@ கைவிடப்பட்டது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் ஏற்றுக்கொண்டார். 2015 செப்டம்பரில் பைத்தான் 3.5-உடன் @ வந்தது.

எந்தப் பக்கத்திலிருந்து பெருக்குவது என்பதும் சிறிய கேள்வியல்ல. 1000 நிரைகளும் 1000 நிரல்களும் கொண்ட இரு அணிகளையும் ஒரு திசையனையும் வரிசையாக எழுதினால், இடமிருந்து பெருக்கும்போது சுமார் 100 கோடிப் பெருக்கல்கள். வலமிருந்து 20 லட்சமே போதும். ஆனாலும் * போலவே இடமிருந்து என்றுதான் முடிவானது: திசையன் இடப்பக்கம் வரும் சூத்திரங்களுக்கு அதுவே சிக்கனம், மற்ற இடங்களில் அடைப்புக்குறி இடலாம்.

மேட்ரிக்ஸ் வகையை இப்போது நம்பை ஆவணங்களே பரிந்துரைப்பதில்லை. பைத்தானின் அறிவியல் தொகுப்பான சைபை 2022-இல் தன் 1.8 பதிப்பில் கொண்டுவந்த, பெரும்பாலும் சுழிகளே நிறைந்த ஐதான அணிகளுக்கான புதிய வகையிலும் * உறுப்புப்பெருக்கல்தான், அணிப்பெருக்கலுக்கு @.