பிள்ளை காட்டும் நோய்முதல்

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924 ஆம் ஆண்டிலே. அப்பாதையில் பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயத்து அறை ஒன்றிலே பாட்டன் முதல் பேரன் வரை படுத்துறங்கும் குடும்பங்களை இன்றும் காணலாம். ஒருவர் இருமினால் அனைவரும் கேட்பர். இருமலோடு வெளிவரும் கிருமியையும் அனைவரும் சுவாசிப்பர். பிள்ளைகளைப் பற்றும் சயரோகத்தின் வரலாறு இத்தகைய அறைகளின் வரலாறேயாகும்.

அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த செய்தியை 1882 மார்ச் 24 ஆம் நாள் பெர்லின் நகரிலே ரொபேர்ட் கோக் வெளியிட்டார். ஆயினும், கிருமி எவர் உடலிற் புகுந்துள்ளது என்பதை அறிய எளிய வழியில்லாதிருந்தது. 1907 இல் வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே, பிள்ளைகளின் தோலைச் சிறிது கீறி டியூபர்குலின் என்னும் மருந்தைத் தடவினார். தொற்றுடையோர்க்கு அவ்விடம் சிவந்து தடித்தது. நலமுடன் விளையாடித் திரிந்த பிள்ளைகள் பலரிடத்தும் தொற்று இருந்தமை அப்போது வெளிப்பட்டது. மறு ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் மாந்து அம்மருந்தை ஊசியால் தோலினுள் ஏற்றும் முறையை வகுத்தார்.

இச்சோதனை ஓர் உண்மையை உணர்த்திற்று. சிறு பிள்ளைக்கு நோய் பெரும்பாலும் வளர்ந்தவர் ஒருவரிடமிருந்தே வருகிறது. பிள்ளை அதனைப் பிறருக்குப் பரப்புவது அரிது. ஆகவே பிள்ளையின் நோய், வீட்டிலே மறைந்திருக்கும் பெரியவரின் நோயைச் சுட்டும் விரலாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமும் ஸ்காண்டிநேவிய உதவிச் சங்கங்களும் சேர்ந்து 1948 முதல் 1951 வரை பல நாடுகளிலே ஏறத்தாழ 3 கோடிப் பேரைச் சோதித்தன. 1949 இல் இலங்கையிலும் பி.சி.ஜி. ஊசி அறிமுகமாயிற்று. பிள்ளைகள் ஒருங்கே கூடும் இடமாதலின் பள்ளிக்கூடங்கள் இப்பணிக்குப் பெரிதும் உதவின. ஆனால் மாணவர் அன்று கையை நீட்டி நின்றதோடு சரி. அவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை.

ஊசி மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடே உலகுக்குக் காட்டிற்று. 1968 இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வு, வளர்ந்தோரின் நுரையீரல் நோயை அவ்வூசி தடுக்கவில்லை எனக் கண்டது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைச் சயரோகத்திலிருந்து காப்பதே அதன் பெரும்பயன். அதற்கு முன்னரே, 1956 இல் சென்னையிலே தொடங்கிய மற்றோர் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளரும் சானட்டோரியத்திற் கிடந்தோரைப் போலவே குணமடைவர் என்று நிறுவிற்று. குடும்பத்தாருக்கு நேரும் ஆபத்து, பெரும்பாலும் நோயாளி மருந்து தொடங்குவதற்கு முன்னரே நேர்ந்துவிடுகிறது என்பதும் அங்கே தெளிவாயிற்று. கண்டறியத் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கே கேடு.

விரைந்து கண்டறிபவர் யார்? அதற்கு வழிகாட்டியோர் டேவிட் மோர்லி, ஹியூ ஹோஸ் என்னும் இருவர். நைஜீரியாவிலே பிள்ளைகளின் எடையைக் கோடிட்டுக் காட்டும் வளர்ச்சி அட்டையை உருவாக்கியவர் மோர்லி. எடை ஏறாத பிள்ளையிடத்தே சயரோகத்தையும் ஐயுற வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. 1978 இல் இருவரும் இலண்டனிலே தொடங்கிய இயக்கம், மூத்த பிள்ளைகளே இளைய பிள்ளைகளின் நலங்காக்கும் தூதராகலாம் என்றது.

ஹாலிஎலத் தோட்டங்களுக்கு இது மிகவும் பொருந்தும். நாட்கூலி போய்விடுமோ என்ற அச்சமும், அயலார் ஒதுக்குவரோ என்ற நாணமும் நோயை மறைக்கச் செய்கின்றன. அந்நியருக்குச் சாத்தும் கதவு அடுத்த லயத்துப் பிள்ளைக்குத் திறக்கும். இரண்டு வாரம் கடந்த இருமல் உண்டா, மாலைக் காய்ச்சல் உண்டா, குழந்தை மெலிகிறதா, வீட்டில் முன்னர் எவரேனும் இந்நோய்க்கு மருந்துண்டாரா என்னும் நான்கு வினாக்களை மேல்வகுப்பு மாணவர் கேட்கலாம்.

அதற்கு மேல் அவர்கள் செல்லலாகாது. நோயின் பெயரை உரைத்தலும், கேட்டதை ஊரிற் பரப்பலும் தீங்கு. ஆசிரியரிடமும் சுகாதார அலுவலரிடமும் சொல்வதே அவர் கடமை. சளிச் சோதனையும் மார்புப் படமும் மருந்தும் பதுளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் பொறுப்பு. நோயாளியின் வீட்டுச் சிறு குழந்தைகளையும் சோதித்து, நோயில்லாதார்க்குத் தடுப்பு மருந்து கொடுப்பர்.

நோயின் முதலை நாடவேண்டும் என்பது வள்ளுவர் நெறி. லயத்து அறையிலே அம்முதலுக்கு வழிகாட்டுவது மெலிந்த பிள்ளை. அதனை முதலிற் காணக்கூடியது அப்பிள்ளையோடு விளையாடும் மற்றொரு பிள்ளையின் கண்.